கேள்வி எண் ஏழு

மணவாளக்குறிச்சி தபாலாபீசில்
பத்து ரூபாய்க்கு ஒரு போஸ்டல் ஆர்டர்.
கமிஷன் தனி. கணக்குக் கேட்டுத்தான் கொடுத்தேன்.

என் கேள்விகள் ஏழு.
ஜெராக்ஸ் கடை மார்சலின்
'தூதரகம்' என்ற சொல் வந்ததும்
தட்டுவதை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டாள்.
"இவங்களையெல்லாம் கேள்வி கேக்கலாமாக்கா?"

கடியபட்டணத்தில் கேட்காத கேள்வியா!
குருசடித் திருவிழாச் சரவெடியில்
முந்நூறு ரூபாய் உதைத்ததற்கு
பூசை முடிந்த கையோடு
கமிட்டித் தலைவரை உச்சி வெயில் வரை நிறுத்தினோம்.
வள்ளத்துக்கு இவ்வளவு, எஞ்சினுக்கு இவ்வளவு,
கோயில் குத்தகை இவ்வளவு,
மிச்சத்தை ஆள் பங்காகப் பிரிக்கையில்
சுற்றி நின்று விரல் மடக்குகிற பெண்கள் நாங்கள்.

கிளீட்டஸ் போன லாஞ்சு
அந்த நாட்டு எல்லையைத் தாண்டியதாம்.
தூதரகத்துக்கு நாற்பத்தொரு தடவை போன் போட்டேன்.
நாற்பது தடவை அடித்து ஓய்ந்தது.
ஒரு தடவை யாரோ எடுத்து
புரியாத மொழியில் ஏதோ சொல்லி
மெதுவாக வைத்தார்.
அந்த மெதுவை மட்டும் மறக்க முடியவில்லை.

சட்டம் சொன்னது முப்பது நாள்.
பதில் வந்தது முப்பத்து நாலாம் நாள். ஒரே தாள்.
மார்சலின் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன்:

பணியிடங்கள் ஆறு. நிரம்பியவை மூன்று.
தூதருக்குப் பக்கத்து நாடும் பொறுப்பு,
பாதி மாதம் அங்கே.
கணக்கும் பாஸ்போர்ட்டும் ஒரே ஆள்.
தொழிலாளர் நல அதிகாரி: காலி, பத்தொன்பது மாதமாய்.
மொழிபெயர்ப்பாளர் உள்ளூர்க்காரர்,
செவ்வாயும் வியாழனும் மட்டும்.
ஓட்டுநர் ஒருவர். கார் இரண்டு.
நல நிதியில் இருப்பு உண்டு; இவ்வாண்டுச் செலவு இல்லை.
குடியரசு நாள் தேநீர் விருந்து, ரசீதுடன்.

ஸ்ராங்கு காலி என்று எழுதிவைத்துவிட்டு
எந்த லாஞ்சாவது துறை விட்டிருக்கிறதா?

ஏழாவதாக நான் கேட்டிருந்தது:
வெள்ளிக்கிழமை போன் அடித்தால் யார் எடுப்பார்?
'இது தகவல் என்ற வரையறைக்குள் வராது.'

முதல் மேல்முறையீடு.
இரண்டாவது.
இடையில் ஒரு கிறிஸ்துமஸ் போனது, ஒரு ஈஸ்டர்,
இன்னொரு கிறிஸ்துமஸ்.

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வீடியோ அறை.
திரையின் ஒரு கட்டத்தில் டெல்லி ஆணையர்,
மறு கட்டத்தில் அந்த நாடு.
நான் மனசில் வைத்திருந்த மீசைக்காரத் துரை இல்லை.
தூக்கம் கெட்ட ஒரு பையன்.
சுவரில் போன மாத நாட்காட்டி.
பக்கத்து நாற்காலியில் ஆளில்லை, ஃபைல்கள்.
"நான்தான் கணக்கு, நான்தான் பாஸ்போர்ட்,
ஜெயிலுக்குப் போவதும் நான்தான்" என்றான்.
உங்கள் வீட்டுக்காரரை இரண்டு முறை பார்த்தேன்,
இளைத்திருக்கிறார், சோப்பு கேட்டார் என்றான்.

எனக்கு அழுகை வந்தது. அதை அப்புறம் வைத்துக்கொண்டேன்.
"தம்பி, நீ நல்லவனா என்று நான் கேட்கவில்லை.
ஏழாவது கேள்விக்கு வா."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.
பதினைந்து நாளில் தர வேண்டும் என்று உத்தரவு.

வந்தது. ஏழு நாள், ஏழு கட்டம்,
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு எண்.
வெள்ளிக்கு அந்தப் பையனின் பெயர்.
சனிக்கும் அவனே.

ஏலக்கூடத்துச் சுவரில்
கோயில் செலவுக் கணக்குக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
மீன் செதில் ஒட்டிய கைகளோடு
பெண்கள் கூடி விரல் மடக்கினார்கள்.

"ஞாயித்துக்கிழமைக்கு வெறும் கோடுல்லா போட்டிருக்கு"
என்றாள் அமலோற்பவம்.

மார்சலின் கடை திறந்திருக்கிறதா என்று
யாரோ பார்க்கப் போனார்கள்.