ஆர்

காலை ஆறே முக்கால். இன்குபேட்டரைத் திறக்கிறேன்.
புளித்த மாவுக்கும் காயாத துணிக்கும் இடைப்பட்ட ஒரு வாடை.
ஏழாம் படுக்கையின் தட்டுதான் மேலே.

நேற்றே தெரிந்தது. இளஞ்சிவப்பு, கொழகொழப்பு.
வளையக் கம்பியால் தொட்டு இழுத்தால்
கம்பிப்பதப் பாகுபோல் அறாமல் நீண்டது.
அடுப்பில் என்றால் இறக்கியிருக்கலாம்.

பன்னிரண்டு வில்லை வைத்திருந்தேன்,
சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை,
ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து.
மருந்துக்கு அஞ்சினால் சுற்றிலும் வெறும் வட்டம் விழும்.
ஸ்கேல் வைத்து அளப்போம்.
இன்று ஸ்கேலுக்கு வேலையில்லை.
வில்லையின் விளிம்புவரை வந்து
முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்கிறது.

அமிக்காசின், ஆர்.
செஃப்ட்ரையாக்சோன், ஆர்.
பிப்பராசிலின், ஆர்.
மெரோபெனெம்
(இங்கே மட்டும் விரல் சற்று நிற்கும்)
ஆர்.

அல்சூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும்
வீட்டில் கதவு தட்டினால் இன்னும்
'ஆரு?' என்றுதான் கேட்கிறோம்.
அறிக்கையை மேலிருந்து கீழே வாசிக்கிறேன்.
தட்டாமலே உள்ளே வந்துவிட்டவரிடம்
வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்:
ஆர்? ஆர்? ஆர்?

இருதயராஜ், முப்பத்து நான்கு வயது.
சில்க் போர்டு சிக்னலில் லாரி இடித்தது.
தொடையெலும்பு ஒழுங்காகத்தான் கூடி வருகிறது.
வந்த அன்று இது அவரிடம் இல்லை.
பதினொன்றாம் நாள் சளியில் இருந்தது.

போன வாரம் மின்தூக்கியருகில் அவர் மனைவி கேட்டாள்:
'காய்ச்சல்னா ரெண்டு மாத்திரை போட்டுட்டு
நிறுத்திடுவாருங்க. அதனாலயா?'
இல்லைம்மா என்று சொல்லியிருக்கலாம்.
டாக்டரைக் கேளுங்க என்றேன்.

ஏனென்றால் அதற்கு முந்தைய வியாழன்
பஞ்சுக் குச்சிகளோடு உள்ளே போனது நான்தான்.
கட்டில் கம்பி. மானிட்டர் பொத்தான்.
கூச்சத்தோடு நீட்டப்பட்ட ஒரு டாக்டரின் செல்பேசி.
எல்லாம் சுத்தம்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு தொட்டி,
அதன் வடிகால் வாயில்
அதே சிவப்பு, அதே பாகு, அதே வரிசை.
கை கழுவுகிற இடம் அது.
குழாயைத் திறந்தால் முழங்கைவரை தெறிக்கும்.

கொலிஸ்டினை வில்லையில் பார்க்க முடியாது.
சின்னச் சின்னக் குழிகளில் ஊற்றிக் காத்திருக்க வேண்டும்.
மூன்றாவது குழி தெளிவாக இருந்தது.
சன்னலோரம் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன்,
தெளிவுதான்.
வார்டுக்குப் போன் போட்டேன்.
'ஒண்ணாவது இருக்கே' என்றாள் லிஜி சிஸ்டர்.
பிறகு, 'கிரியேட்டினின் மூணு சேச்சி' என்றாள்.
சிறுநீரகத்தைக் கேட்டுத்தான் அந்த மருந்து வேலை செய்யும்.

தட்டுகள் ஆட்டோகிளேவுக்குப் போகின்றன.
நூற்று இருபத்தோரு டிகிரி, பதினைந்து நிமிடம்,
அதில் எதுவும் தப்புவதில்லை.

அறிக்கையின் அடியில் கையெழுத்திட்டேன்.
அப்பா ரங்கநாதன். என் இனிஷியலும் அதே எழுத்து.

கொடுத்துவிட்டுத் திரும்பும்போது
ஐசியூ வாசலில் காவலாளி கன்னடத்தில் கேட்கிறார்:
'யாரு?'
ஜெனோவா தன் பெயரைச் சொல்வதில்லை,
அவர் பெயரையும்.
டிபன் கேரியரை இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு
'ஏழு' என்கிறாள்.