கட்டுச்சோறு

பத்து மணிக்கு மின்சாரம் போகும்.
போகும் நேரத்தில் அட்டவணை பொய் சொன்னதில்லை,
திரும்பி வரும் நேரத்தில்தான்.
இப்போது எட்டு பதினேழு.
சாட்ஸ்வொர்த் இரத்த வங்கிக் கிடங்கில்
குளிர்பெட்டிகளுக்குப் பின்னால்
என் சர்வர் மூச்சு வாங்குகிறது.

மேசைக் கணினிகள் பதினொன்று.
எதற்கும் வெளியுலகம் தெரியாது,
தெரியக்கூடாது என்பது விதி.
ஒவ்வொன்றும் தனக்குத்தானே சமைத்தால்
வாரம் ஒன்று போகும், விசிறி உருகும்.
ஆகவே ஓர் உலை.
பொட்டலம் கட்டிக் கையெழுத்திட்டு
உள்வயரில் அனுப்புவது நான்.
கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்பார்கள்.
அடுத்த ஓட்டை தெரியும்வரைக்கும்.

நானூற்று இரண்டில் முந்நூற்றுத் தொண்ணூறு ஆயிற்று.
மிச்சத்தில் ஒன்று கம்பைலர்.
தன்னைத் தானே மூன்று முறை பெற்று,
இரண்டாவது பிள்ளையும் மூன்றாவதும்
அச்சு மாறாமல் இருக்கின்றனவா என்று
பைட் பைட்டாகப் பார்க்கும்.
அந்தச் சந்தேகம் எனக்குப் பிடிக்கும்.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்திட்டேன்.
இருட்டு.
ஜெனரேட்டர் குளிர்பெட்டிகளுக்கு மட்டும்.

பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாம் விழித்தன.
பத்து, பொட்டலத்தை வாங்கிக்கொண்டன.
நொக்வாண்டாவின் மேசை மறுத்தது:
இந்தக் கையெழுத்து
இன்னும் போடப்படவில்லை.

உள்ளே காசளவு பேட்டரி செத்திருந்தது.
அதற்கு இன்று 2009, ஜனவரி ஒன்று.
தவறென்று எப்படிச் சொல்ல?
அப்போது நான் கிரே தெருச் செருப்புக் கடையில்
ரசீது எழுதுகிறவன்.
இந்தக் கையெழுத்து என்னிடம் இல்லை.

இரண்டே முக்கால் மணி நேரம்
டார்ச்சைப் பல்லில் கவ்வித்
தாளில் எண் எழுதியவள் கேட்டாள்:
"குபேன், சோதிக்காமல் ஏற்றிவிட வழி இல்லையா?
இந்த ஒரு தடவை?"

இருந்தது. ஒரே ஒரு சொல், கட்டளையின் கடைசியில்.

நான் வாய் திறக்குமுன்
அவள் தன் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.
ஓ நெகட்டிவ். லேபிள் பாதி உரிந்திருந்தது.
அதைத் தனித் தட்டில் வைத்தாள்.
"சரி, வேண்டாம்," என்றாள்.

வாகன நிறுத்தத்திற்குப் போய்
என் கார் ரிமோட்டைப் பிளந்தேன்.
அதே காசு, அதே மூன்று வோல்ட்.
நகத்தால் அழுத்தினேன், தேதியைத் திருத்தினேன்.
கணினி என்னை அடையாளம் கண்டுகொண்டது.

இனி வீட்டுக்குப் போகக்
காரைச் சாவியால்தான் திறக்க வேண்டும்.
அலாரம் தெருவையே எழுப்பும்.
எழுப்பட்டும்.
அதுவும் சரிபார்க்கத்தான் கத்துகிறது.