எண்ணூற்று இருபத்தைந்து மில்லிகிராம்

சுலைமானியாவில் அம்மோனியம் நைட்ரேட் வாங்க
மூன்று முத்திரைகள் வேண்டும்.
ஒன்று பல்கலைக்கழகத்தது.
ஒன்று வேளாண் துறையது.
மூன்றாவது, கறுப்புக் கண்ணாடி போட்ட
ஒரு கட்டடத்தினுடையது.

அங்கே காக் சர்கௌத் கேட்டார்:
"செடிக்கு எதற்கு வெடிமருந்து?"
தின்ன, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
படிவத்தில் என் பெயரைப் படித்தார்: சினூர்.
பனி உருகும் மலைச்சரிவில்
வாசனையோடு முளைக்கும் ஒரு பூண்டின் பெயர்.
"பெயரே செடியா" என்றவர்
அடுத்த மாதம் வரச் சொன்னார்.

ஆய்வகத்தில் மிச்சமிருந்தது அரை டப்பா.

ஜாத்ரா என்று நாங்கள் சொல்லும் தைம் செடி.
விரல்நகம் அளவு தண்டுநுனியை வெட்டி
கடற்பாசிக் கூழில் நட்டு வைத்திருந்தோம்,
நூற்றிருபது கண்ணாடிக் குப்பிகளில்.
மண் இல்லை, மழை இல்லை, ஆடு இல்லை.
நான் அளந்து போட்டதுதான் அவற்றின் உலகம்:
பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம்,
கண்ணுக்குத் தெரியாத துளி துத்தநாகம்,
தேநீர் நிறத்தில் இரும்பு.

நைட்ரேட்டை நான்தான் எடை போடுவேன்.
பெஸ்தூன் போட மாட்டான்.
அவன் இடக்கையில் மூன்று விரல்கள்.
மற்ற இரண்டும் எந்தச் சாலையில் போயின என்று
நான் கேட்டதில்லை.
அவன் குப்பி கழுவுவான், விளக்கு பார்ப்பான்,
மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு ஓடுவான்.
தராசின் அருகே அந்த வெள்ளைப் பொடி இருக்கும்போது மட்டும்
ஜன்னலைத் துடைக்கப் போய்விடுவான்.

லிட்டருக்கு ஆயிரத்து அறுநூற்றைம்பது என்பது ஏட்டுக் கணக்கு.
இருப்பதோ பாதி.
பாதியைப் போட்டேன்: எண்ணூற்று இருபத்தைந்து.
அறுபது குப்பிகளுக்கு அது.
முப்பதுக்குப் பழைய கணக்கு.
கடைசி முப்பதுக்குக் கால்வாசிதான்.
ஆய்வென்று சொல்லிக்கொண்டேன்.
உண்மையில் அது பஞ்சம்.

ஆறாம் வாரம்.
முழுதாய் உண்டவை கொழுகொழுவென்று
குப்பியின் மூடியை முட்டின.
பாதி உண்டவை குட்டை; இலை சிறியது;
உருப்பெருக்கியில் பார்த்தால்
ஒவ்வோர் இலையிலும் எண்ணெய்ச் சுரப்பிகள்
வியர்வை முத்துப்போல் நெருக்கியடித்து.
தழைக்க நைட்ரஜன் போதாதபோது
கையில் மிஞ்சிய கரியை என்ன செய்யும் செடி?
எண்ணெயாக்கிப் பூட்டிவைக்கிறது.
கிராமுக்குக் கிராம் ஒன்றரை மடங்கு.

உடனே ஒருத்தர் வந்தார், துறைத் தலைவர்,
"துன்பத்தில்தான் மணம் பிறக்கும்" என்று
சுவரொட்டியில் போடலாமே என்றார்.
கால்வாசி உண்ட முப்பதையும் அவர் முன் வைத்தேன்.
வைக்கோல் நிறம். நரம்பு மட்டும் மிச்சம்.
முகர்ந்து பார்த்தார்.
ஒன்றுமில்லை, கூழின் வாடையைத் தவிர.
சுவரொட்டிப் பேச்சு அத்தோடு நின்றது.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன், நேர்மைக்காக:
குட்டைச் செடி சிறியது என்பதால்
குப்பிக்குக் குப்பி கணக்குப் பார்த்தால்
எண்ணெய் ஏறக்குறைய ஒன்றேதான்.
வாசனை கூடியது, விளைச்சல் கூடவில்லை.
இரண்டும் வேறு வேறு கேள்விகள்.
இரும்பு மறந்துபோன ஒரு தட்டில் இரண்டுமே இல்லை;
அது என் தவறு, பக்கம் நாற்பத்தொன்று.

மூன்றாவது முத்திரை இலையுதிர்காலத்தில் வந்தது.
கூடவே ஒரு கிலோ டப்பா,
கையெழுத்துப் போட இரண்டு காவலர்கள்.
அவர்கள் போனபின்
டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
சாவியைத் தேடித் திரும்பினால்
பெஸ்தூன் தராசின் முன்.
கரண்டியை மூன்று விரல்களால் பிடித்திருந்தான்.
பழைய டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி
காகிதத்தில் கொட்டினான்.
எண்கள் நடுங்கின, நின்றன.
எண்ணூற்று இருபத்தொன்று.
"நாலு குறையுது," என்றான்.

புதிய டப்பாவைத் திறந்து நாலு மில்லிகிராம் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு அவன் ஒரு குட்டைச் செடியின் குப்பியைத் திறந்தான்.
நெடுநேரம் முகர்ந்தான்.
அறை முழுக்க மலை.
ஏதோ சொல்வான் என்று காத்திருந்தேன்.
"ஒரு கோப்பை தேநீருக்குக்கூட
இது காணாதே, சினூர்,"
என்றான்.