இட்லிப் பானையில் கம்பளி

மஞ்சக்குப்பத்தில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை?
ஊட்டி பஸ் ஸ்டாண்டில் பல் கிட்டிக்கப் பேரம் பேசி
நானூறு ரூபாய்க்கு வாங்கியது.
ஒன்பது வருஷம் பீரோவில் கிடந்து
அந்துருண்டை வாசம் மட்டும் கற்றுக்கொண்டது.
வெள்ளை என்றுதான் கொடுத்தான்.
இப்போது தயிர் ஏட்டின் நிறம்.

போன ஞாயிறு கழுத்தோரம் ஒரு முடிச்சு அகப்பட்டது.
இழுத்தேன்.
கழுத்து போனது, தோள் போனது,
மதியத்துக்குள் ஒரு கையும் இல்லை.
நாற்காலியைக் கவிழ்த்து நாலு காலிலும் சுற்றினேன்.
நேராக நிற்காத நூல்,
நூடுல்ஸ் போலச் சுருண்டு சுருண்டு
இன்னமும் ஸ்வெட்டராகவே இருந்தது.

சாயத்துக்குக் கடைக்குப் போகவில்லை.
ஜிலேபிக்கு வாங்கிய கேசரிப் பவுடர்,
கேக் செய்து கருகிய வருஷத்துப் பச்சை,
பள்ளி விழா ஜெல்லிக்கு ஒரே ஒரு முறை திறந்த நீலம்.
எல்லாம் மிளகு டப்பாவுக்குப் பின்னால்
விரல் நீளப் புட்டிகளில்.
மேல்வீட்டு ரெஜினா எட்டிப் பார்த்து
"திங்கறதா, உடுத்தறதா?" என்றாள்.

ஒத்திகைக்குப் பூக்கட்டும் நூலைத்தான் முதலில் போட்டேன்.
கொதித்தது, சிவந்தது, என்னை நம்பவைத்தது.
குழாயடியில் ஒரே அலசு.
வந்த வழியே போய்விட்டது அவ்வளவு சிவப்பும்.
பருத்தி யார் வந்தாலும் வா என்று சொல்லும்,
இரு என்று சொல்லாது.

கம்பளி வேறு. அது ஆட்டின் முடி.
அதற்குப் புளிப்பு வேண்டும், சூடு வேண்டும்,
அவசரப்படாத ஆள் வேண்டும்.
இட்லிப் பானையில் தட்டை எடுத்துவிட்டு
தண்ணீர், அரை டம்ளர் வினிகர், அடக்கமான தீ.
மகள் அறையிலிருந்து கேட்டாள்:
"இன்னைக்கு ஃப்ரைட் ரைஸாம்மா?"

ஊதா வேண்டுமென்று சிவப்பையும் நீலத்தையும் கலந்தேன்.
சிவப்பு, முதல் பஸ்ஸிலேயே துண்டு போட்டு
ஜன்னலோரம் பிடித்துக்கொண்டது.
நீலம் தாமதமாக ஏறி
கிடைத்த இடத்தில் நின்றது.
ஊதா என்பது நடுவில்
இரண்டும் இடித்துக்கொண்ட ஒரு முழ நீளம் மட்டும்.
நான் கேட்டது அதுவல்ல.
ஆனாலும் அடுப்பை அணைத்து, மூடி வைத்து,
படுக்கப் போகும்வரை
மூன்று தடவை திறந்து பார்த்தேன்.

தணிகைவேலுக்கு சிப்காட்டில் ராத்திரி ஷிஃப்ட்.
சாய ஆலையின் கழிவுத் தண்ணீரை
இரண்டு மணிக்கு ஒருதரம் புட்டியில் பிடித்து
விளக்கில் தூக்கிப் பார்த்து எண் எழுதும் வேலை.
வீட்டில் நிறம் பற்றிப் பேசமாட்டார்.
துவைக்கப் போடும் கைக்குட்டைதான் எனக்குச் சொல்லும்
அன்றைக்கு என்ன ஓடியதென்று:
திங்கள் நேவி புளூ. வியாழன் மெரூன்.
ஒரு வாரம் பூராவும் பெயர் வைக்க முடியாத ஒன்று.

காலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல்
"என்ன நாத்தம்?" என்று மூடியைத் தூக்கினார்.
கம்பளி அடியில் கிடந்தது, ரோஸும் நீலமுமாக.
மேலே தண்ணீர்,
குடிக்கத் தோன்றும் தண்ணீர்.

ஒரு டம்ளர் மொண்டார்.
ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார்.
திருப்பினார். மறுபடி பிடித்தார்.
"எல்லாமே உள்ள போயிடுச்சா?" என்றார்,
என்னிடமா தண்ணீரிடமா தெரியவில்லை.
சட்டைப் பேனாவை எடுத்து
தினசரி காலண்டரில், ராகு காலத்துக்குக் கீழே எழுதினார்:
நேரம் 6.40. நிறம்: இல்லை.
பழக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டார்.

அந்த டம்ளரை என்ன செய்வதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் அது மேஜைமேல்
விருந்தாளி போல இருந்தது.
பிறகு நான் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.
வினிகர் அதுக்கு ஆகாதுடி என்று
மாடியிலிருந்து கத்தினாள் ரெஜினா.