ரெக்

முதல் எழுத்து
எழுதினால் தெரியும், சொன்னால் கேட்காது.
துறைமுகம் தாண்டும் முன்பே
மூழ்கிப்போன எழுத்து.

மற்ற ஊர்களில் அதற்கு நாசம் என்று பொருள்.
எங்கள் கார்ன்வால் கரையில் அது ஒரு வேலை.
புயல் ஓய்ந்த விடியலில்
சாக்குப்பையும் டார்ச்சுமாக நான் இறங்கினால்
"லவ்டே ரெக்கிங் போகிறாள்" என்பார்
அடுத்த வீட்டு ஹெட்லி.
எதையும் உடைக்கப் போவதில்லை.
ஒதுங்கியதைப் பொறுக்கத்தான் போகிறேன்.
(முன்னோர்கள் பொய்விளக்குக் காட்டி
கப்பல்களைப் பாறைக்கு அழைத்த கதையைச்
சுற்றுலாக்காரர்களிடம் சொல்வோம்.
ஐஸ்கிரீம் நன்றாக விற்கும்.)

போன பிப்ரவரியில் பஃபின் பறவைகள் ஒதுங்கின.
நிறம் உதிர்ந்த குளிர்கால அலகுகள்.
நூற்றுப் பன்னிரண்டோடு எண்ணுவதை நிறுத்தினேன்.
கணக்கெடுக்க வந்த பெண்
தேதிக்குப் பக்கத்தில்
அந்த ஒரே சொல்லை எழுதினாள்.
கப்பலும் இல்லை, உடைந்த பலகையும் இல்லை.
பறவைகள் கூட்டமாகச் செத்து ஒதுங்கினாலும்
ரெக்தானாம்.

ஹெட்லியின் வேனும் அதுதான்.
வெள்ளி இரவு, டார்ட்ஸ் முடிந்து வரும் என் மகன் அது.
பல் பிடுங்கும் நாளின் காலையில் நான் அது.

சட்டத்துக்குத்தான் பொறுமை அதிகம்.
நாலாகப் பிரித்து வைத்திருக்கிறது:
கப்பல் உடைந்து தானாய் மிதந்தது,
பாரம் குறையட்டுமென்று தூக்கி எறிந்தது,
திரும்பி வந்து எடுப்போமென்று
மிதவை கட்டி மூழ்கவிட்டது,
இனி வரப்போவதில்லை என்று விட்டுப்போனது.
எது கிடைத்தாலும் இருபத்தெட்டு நாளுக்குள்
சவுத்தாம்ப்டன் அதிகாரிக்கு எழுத வேண்டும்.
அவர் பதவியின் பெயரே
சிதைவைப் பெற்றுக்கொள்பவர்.
எத்தனை பெரிய மேஜை வேண்டும் அந்த மனிதருக்கு!

நான் எழுதியிருக்கிறேன்.
தேக்குப் பலகை ஒன்று.
இடதுகால் ஷூக்கள் மட்டும் நாற்பது.

அக்டோபரில் ஜாகோ கிடைத்தான்.
பென்சான்ஸில் ரயில் பாதையே முடிந்துவிடும்.
அங்கே பஸ் நிலையத்தில்
ஈரக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான்.
"நான் ஒரு ரெக், லவ்டே" என்றான்.
என் தம்பி. ஐம்பத்து மூன்று வயது.
பத்து விரலில் எட்டு நகம்.

அவன் தூங்கிய பிறகு
சமையலறையில் ஒரு படிவம் எடுத்தேன்.
பொருள்: ஆண், ஒன்று.
நிலை: உப்பேறியது.
வகை என்ற இடத்தில் பேனா நின்றது.
பிரிஸ்டலில் இருக்கும் மாக்சீனைக் கேட்டால்
தானாய் மிதந்து போனான் என்பாள்.
அவனைக் கேட்டால், எறிந்தாள் என்பான்.
நாலாவதுதான் என்று
அவன் குடித்த பாட்டில்கள் சாட்சி சொல்லும்.
பதினொரு வருடம், ஞாயிறுதோறும்,
அவன் எடுக்காத போனை
அடித்துக்கொண்டே இருந்தவள் நான்.
மூன்றாவதில் கோடு போட்டேன்.
படிவத்தை அனுப்பவில்லை.

சொந்தக்காரர் வந்து கேட்க
ஓராண்டு அவகாசம் உண்டு.
யாரும் கேட்காவிட்டால்
பெரும்பாலும் கண்டெடுத்தவருக்கே விட்டுவிடுவார்கள்.

இது மார்ச்.
உருளைக்கிழங்குப் பாத்திக்குக்
கடற்பாசி அள்ளும் மாதம்.
அதன் பெயர் ராக்.
அந்தச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு,
ஓர் உயிரெழுத்துத்தான் மாறியிருக்கிறது.
அழுகினால் அதைவிட நல்ல உரம் கிடையாது.
ஜாகோ முள்வாரியால் அள்ளுகிறான்.
மெதுவாகத்தான். ரெண்டு வாரு, ஒரு சிகரெட்.
பாசியின் காற்றுக் கொப்புளங்களை
பூட்ஸ் நுனியால் ஒவ்வொன்றாக
வெடித்துப் பார்க்கிறான்.

இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.
வாசல் மணி அடித்தால்
இரண்டு பேரும்
ஒரு நொடி
அசையாமல் நிற்கிறோம்.