எந்தப் பக்கம் நின்றான்

பதினெட்டு பவுண்டுக்கு வாங்கினேன்,
வால்சாலில், ஒரு வீட்டைக் காலி செய்தபோது.
சக்கரமில்லை, சீட்டில்லை, பெயருமில்லை.
பெயர்த்தகடு இருந்த இடத்தில்
இரண்டு ஆணித்துளை மட்டும்,
பாம்பு கடித்த தடம்போல்.

சமையலறை மேசையில் கவிழ்த்துப் போட்டேன்.
முப்பத்தோரு வருடம் பல் ஆஸ்பத்திரியில்
பிறர் வாய்க்குள் கண்ணாடி பிடித்த கை இது.
அதே குட்டிக் கண்ணாடியைப்
பெடல் அச்சு ஓடும் கூட்டுக்குள் விட்டேன்.
துரு. கல்லாய்ப்போன கிரீஸ்.
வாயைத் திறக்க மறுப்பவர்கள்
எனக்குப் புதிதல்ல.

கூட்டின் அடியில் மூன்று இலக்கம்,
மண்ணெண்ணெய்க்குப் பிறகு தெரிந்தது:
681.
கெட்டில் அணைக்க எழுந்து
மேசையின் எதிர்ப்பக்கம் போனபோது
189.

சுத்தியலோடு அன்றைக்கு அவன்
எந்தப் பக்கம் நின்றான்?

லார்க்கம் கம்பெனிக் கணக்கேடுகள்
பாதி குண்டுவீச்சில் எரிந்தன,
மீதியை ஒரு மருமகன் குப்பையில் போட்டானாம்.
மிஞ்சியவை இரண்டே ரசீதுகள்.
204, முப்பத்தொன்பது ஜனவரி.
655, ஐம்பது ஏப்ரல்.
ஆக, நான் உட்காரும் இடத்தைப் பொறுத்து
இது போருக்கு முன்னாலோ
பின்னாலோ பிறந்தது.

ஐவர் ஃபோனில் சொன்னான்:
'சீட்டுக்குழாயின் உள்விட்டம் அள.'
இருபத்தேழு புள்ளி இரண்டு.
'உயர்ந்த குழாய். ஐம்பதுதான்.'
முப்பத்தெட்டிலும் உயர்ந்த குழாய் இருந்ததே?
'இருந்தது. காசு யாரிடம் இருந்தது?
பின்சக்கர இடைவெளியை அள.'
நூற்றிருபது மில்லிமீட்டர்.
'பார்த்தாயா!'
பார்த்தேன். இடதுபக்கக் குழாய் மட்டும்
ஒரு நகக்கனம் வெளியே விலகியிருக்கிறது.
யாரோ பிற்பாடு அகல ஹப் ஒன்றை மாட்ட
நெம்பி விரித்திருக்கிறார்கள்.
நெம்பியதை எனக்குத் தெரியாதா?

ஐம்பது என்றால் நானூறு பவுண்டு.
லார்க்கமின் அந்த ஒரு வருடத்தை மட்டும் சேர்க்கும்
ஊட்ரெக்ட்காரர் ஒருவர் காத்திருக்கிறார்.
முப்பத்தெட்டு என்றால்: நன்றி, வேண்டாம்.
எனவே ஐம்பதின் பக்கமே நாற்காலி போட்டு
டீ குடித்துக்கொண்டிருந்தேன்
இரண்டு நாள்.

மூன்றாம் நாள் பெயின்ட்டைச் சுரண்டினேன்.
மேலே நீலம், வீட்டுக் கதவுக்கு வாங்கியதன் மிச்சம்,
உலரும்போது ஒட்டிய கொசுவோடு.
அதன்கீழ் மரூன். அதன்கீழ் கறுப்பு.
பின்சக்கரத்தை அணைத்து இறங்கும் இரு குழாய்களில்
அடியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு மட்டும்
மரூனுக்கும் கறுப்புக்கும் நடுவே
வெள்ளை.
வேறெங்கும் இல்லை. தேடினேன்,
கண்ணாடி போட்டும் போடாமலும்.

ஒரு சாண் வெள்ளை.
தெருவிளக்குகளை அணைத்துவிட்ட ஊர்,
ஜன்னல் ஜன்னலாய்க் கறுப்புத்துணி.
இரவு ஷிஃப்ட் விட்டு யாரோ வீடு திரும்புகிறார்.
பின்னால் வரும் லாரிக்குத் தெரியவேண்டும்,
மேலே பறக்கிறவனுக்குத் தெரியக் கூடாது.
அந்த அளவுக்கு வெள்ளை.
பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த ஒரு மயிர்
அதில் இன்னும் படிந்திருக்கிறது.

ஐவர் சிரித்தான். 'வெள்ளையை
யாரும் எப்போதும் பூசலாம்.
ஐம்பது என்று எழுது, யார் கேட்கப்போகிறார்கள்?'
அவன் சொல்வதில் தப்பில்லை.
நாற்காலியை எதிர்ப்பக்கம் இழுத்தேன்.
டைல்ஸ் கிறீச்சிட்டது.

ஊட்ரெக்ட்டுக்கு எழுதினேன்:
லார்க்கம், 1938 என்று நினைக்கிறேன்.
இருபத்திரண்டு அங்குலம். மேல்குழாயில் ஒரு பள்ளம்.
வாங்குகிறவர் வெள்ளையைச் சுரண்டக் கூடாது.
மறுநாள் பதில் வந்தது. மரியாதையான மனிதர்.
நன்றி, வேண்டாம்.

சனிக்கிழமை ஐவர்
தன் ஷெட்டிலிருந்து இரண்டு சக்கரம் கொண்டுவந்தான்.
பின் ஹப்பின் மேல்,
ஒரு சந்தேகத்துக்கும் இடமின்றி,
வருடமும் மாதமும் குத்தியிருந்தன:
52 7.
ஐம்பத்திரண்டு, ஜூலை.
'இதையாவது நம்புவாயா?' என்றான்.
நம்புகிறேன். ஹப்பின் பிறந்தநாள் அது,
வேறு யாருடையதும் இல்லை.

சங்கிலி வாங்கவேண்டும். பிரேக் கட்டை வாங்கவேண்டும்.
விளக்கு மட்டும்
கொஞ்சம் பொறுக்கலாம்.