மூச்சு வாங்கும் மேசை

ஹில்க்கா எதுவும் சொல்லவில்லை.
என் மேசைத் தூசியில்
விரலால் ஓர் எண் எழுதிவைத்துப் போயிருந்தாள்:
3.

மூன்றாவது அக்கார்டியன்.
துருத்தியை விரித்தால் ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும்
தொண்டை கட்டிக்கொள்கிறது.
ரீடைக் கழற்றிப் பார்த்தால்
அதன் நாக்கடியில் என் ஆல்டர் மரத்தின் பொடி.

ராஹே துறைமுகத்தில் முன்பு மீன் வைத்திருந்த கொட்டகை.
வாடகை ஆளுக்குப் பாதி, நடுவில் பிளாஸ்டிக் திரை.
அந்தப் பக்கம் அவள் அக்கார்டியன் பழுது பார்க்கிறாள்.
இந்தப் பக்கம் நான் காந்தெலே செய்கிறேன்,
மடியில் கிடத்தி மீட்டும் கம்பி வாத்தியம்.
தேய்க்கத் தேய்க்கத்தான் அதற்குக் குரல் திறக்கும்.
தேய்த்தால் தூசி.
தூசிக்கு வாடகை ஒப்பந்தம் வாசிக்கத் தெரியாது.

மூடிவிட்ட பள்ளிக்கூடத்தின் சமையலறையிலிருந்து
ஒரு காற்றாடி கிடைத்தது, இருபது யூரோ.
இறக்கைகளில் இன்னும்
வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பின் பிசுக்கு.
சுரண்டி எடுக்க ஒரு ஞாயிறு போயிற்று.

பிளைவுட்டில் பெட்டி.
உள்ளே இரண்டு சரிவுப் பலகைகள்,
வீட்டுக் கூரையைத் தலைகீழாக வைத்ததுபோல.
சரிவின் அடியில் வடிகட்டி, அதற்கும் அப்பால் மோட்டார்,
பொடி படாத தூரத்தில்.
மூட்டுகளில் பசை.
மெழுகுவர்த்தியை மூலைமூலையாகக் காட்டி
சுடர் சாய்ந்த இடத்தில் மறுபடியும் பசை.
மேற்பலகையில் விரற்கடைக்கு ஒரு துளை:
அறுநூற்றுப் பன்னிரண்டு.
எண்ணாமல் போட்டிருக்கலாம்.
வெளியே பனி பெய்துகொண்டிருந்தது, எண்ணினேன்.

சுவிட்சைப் போட்டதும் கொட்டகையே அதிர்ந்தது.
துளைகளின் மேல் ஒரு காகிதம் வைத்தேன்.
லேசாக ஊதினேன். பறந்துபோயிற்று.
ஒரு கைப்பிடி பொடி தூவினேன்.
பாதி இறங்கியது.
மீதிப் பாதி, பழக்கம் விடாமல்,
என் மூக்குக்கு ஏறியது.

பெரிய மோட்டார் என்ன விலை என்று
ஔலு நகரத்துக் கடைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தபோது
திரையை விலக்கி வந்தாள் ஹில்க்கா.
உள்ளங்கையைத் துளைகளின் மேல் வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"ஒரு நுரையீரலுக்கு அறுநூறு வாயா?" என்றாள்.
போய்விட்டாள்.
கோபம் என்று நினைத்தேன்.
திரும்பி வந்தபோது கக்கத்தில்
கிழிந்த துருத்தி ஒன்றின் மடிப்பு அட்டைகள்.
எல்லாப் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால்
எந்தச் சுரமும் நிற்காது, தெரியுமா,
என்று சொல்லிக்கொண்டே
இடப்பக்கம் ஒரு வரிசை மூடினாள், வலப்பக்கம் ஒரு வரிசை,
நடுவில் ஒரு காந்தெலே அளவுக்கு மட்டும் விட்டாள்.

காகிதம் சப்பென்று ஒட்டிக்கொண்டது.
நகத்தால் கிளப்ப வேண்டியிருந்தது.

கடைக்காரர் போனில் இன்னும் "ஹலோ" என்றுகொண்டிருந்தார்.

அன்றே ஒரு பலகையைத் தேய்த்தேன்.
காகிதத்தின் விளிம்பைத் தாண்டியதும் பொடி
திரும்பிப் பாராமல் இறங்கிப் போனது.
முகமூடியைக் கழற்றிய பிறகுதான்
ஆல்டரின் வாசனை தெரிந்தது,
பதினோரு வருடமாக அறுக்கும் மரம்.

பிப்ரவரியில், காலை பதினொரு மணிவாக்கில்,
என் ஜன்னலிலிருந்து தரைவரைக்கும்
ஒரு வெளிச்சத் தூண் சாய்ந்து நிற்கும்.
அதை நான் வெயில் என்றே நினைத்திருந்தேன்.
இன்று வெயில் இருக்கிறது,
தரையில் ஒரு மஞ்சள் கட்டம்.
தூண் இல்லை.
அந்த இடத்தில் கையை நீட்டிப் பார்த்தேன்.
கை மட்டும் வெளிச்சமாயிற்று.

ஆனால் காற்றாடி பாடுகிறது.
எந்தச் சுரத்துக்கும் சொந்தமில்லாத ரீங்காரம்,
இரண்டு சுரங்களுக்கு நடுவே கால் வைத்தபடி.
அவளோ காதால் சுருதி சேர்ப்பவள்.
பொறுத்துப் பார்த்தாள், செவ்வாய் வரைக்கும்.

இப்போது சுவரில் இரண்டு தட்டு தட்டினால்
நான் நிறுத்த வேண்டும்.
கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.
திரைக்கு அப்பால் அந்த மூன்றாவது அக்கார்டியன்
படி படியாக மேலேறி
கட்டியிருந்த சுரத்தை நெருங்கும்,
தாண்டும்,
சந்தேகப்பட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை தாண்டும்.

ஏன் தட்டுகிறாள், எழுதலாமே என்று ஒருநாள் கேட்டேன்.
மேசையைக் காட்டினாள்.
எழுத ஏது தூசி?